டி.டி.எம்.ஹெச். எழுதப் போகிறீர்களா? முதலில் லேபில் போய் உட்காருங்கள்

வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோவான டி.டி.எம்.ஹெச். தேர்வின் ரிசல்ட் போன வாரம் வந்தது. பாஸ். ப்ராக்டிகலில் நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. எப்படிப் படித்தாய் என்று கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். எத்தனை பேப்பர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நான் பாஸானதற்குக் காரணம் புத்தகம் இல்லை. கிழக்கு உகாண்டாவில் டெசோ பகுதியில், சர்ச் ஆஃப் உகாண்டா நடத்தும் ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் தன்னார்வலராக இருந்த மாதங்கள்தான் காரணம். அதிலும் வார்டைவிட லேப்.

சென்னையில் படித்தவர்களுக்கு இது புரியும். நாம் பார்க்கும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை. உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை என்றால் பாடப்புத்தகப் படம், பரீட்சைக்கு முன்னால் ஒருமுறை பார்க்கும் ஸ்லைடு, அவ்வளவுதான். டெசோவில் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தால் கட்டிலுக்குக் கட்டில் ஃபால்சிபாரம்.

அங்கே காலை ஜெபத்தோடுதான் வேலை தொடங்கும். ஜெபம் முடிந்து ரவுண்ட்ஸ் ஆரம்பிப்பதற்குள் ஒரு அரைமணி நேரம் கிடைக்கும். மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள், நான் லேபுக்குப் போவேன். லேப் டெக்னீஷியன் ஐம்பதைத் தாண்டியவர், நிதானமானவர். இரவில் எடுத்த ஸ்மியர்களை (ஸ்லைடில் தடவிய ரத்தம்; தடிமனாகத் தடவினால் திக், மெல்லியதாகத் தடவினால் தின்) ஜன்னலோரம் வரிசையாகக் காயவைத்திருப்பார். கரண்ட் இல்லாத நாளில் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, எதுவும் பேசாமல் ஸ்டூலை என் பக்கம் தள்ளுவார். முதலில் என்னைப் பார்க்கவிடுவார். நான் சொன்ன பிறகுதான் அவர் பார்ப்பார். "திக் ஸ்மியரில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், டாக்டர். யார், அதாவது எந்த வகை ஒட்டுண்ணி என்பதைத் தின் ஸ்மியரில் சொல்லலாம்" என்பார். ப்ராக்டிகல் ஹாலில் உட்கார்ந்தபோது இந்த வரிசைதான் எனக்குக் கைகொடுத்தது.

அவரிடம் கற்றவை, தேர்வில் அப்படியே பயன்பட்டவை:

- தின் ஸ்மியரை மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்ய வேண்டும். திக் ஸ்மியர் மேல் மெத்தனால் படவே கூடாது, பட்டால் ரத்த அணுக்கள் உடையாது.
- ஜீம்சா சாயம் 10 சதவீதம் என்றால் 10 நிமிடம். 3 சதவீதம் என்றால் 30 முதல் 45 நிமிடம். பஃபர் பி.ஹெச். 7.2.
- 200 வெள்ளணுக்களுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எண்ணி, 8,000-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுக்க வேண்டும். 500 ஒட்டுண்ணி எண்ணினால் மைக்ரோலிட்டருக்கு 20,000.
- மைக்ரோஃபைலேரியா (ரத்தத்தில் இருக்கும் ஃபைலேரியா புழுவின் குஞ்சு) வந்தால், எந்தப் புழு என்று சொல்ல முதலில் உறை, அப்புறம் வால். உறை உண்டு, உட்கரு வால்நுனிவரை போகவில்லை என்றால் பான்கிராஃப்டி. உறை உண்டு, நுனிவரை போகிறது என்றால் லோவா. உறையே இல்லை, நுனிவரை போகிறது என்றால் பெர்ஸ்டன்ஸ்.
- ஒன்றைக் கண்டுபிடித்ததும் ஸ்லைடை நகர்த்துவதை நிறுத்தாதீர்கள். அதே ஸ்லைடில் இரண்டாவது இருக்கலாம்.

ரேபிட் டெஸ்ட் இருக்கும்போது ஸ்லைடு எதற்கு என்று ஒரு தோழி கேட்டாள். அந்த டெஸ்ட் தேடும் ஹெச்.ஆர்.பி.-2 என்ற ஒட்டுண்ணிப் புரதம் மலேரியா குணமான பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். இரண்டு வாரம் முன்பு சிகிச்சை முடித்த குழந்தை காய்ச்சலோடு திரும்பி வந்தால் டெஸ்ட் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். இது புது மலேரியாவா, இல்லை நிமோனியாவா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க ஸ்லைடு வேண்டும். வார்டில் இது அடிக்கடி வந்தது, தேர்விலும் வந்தது.

அடுத்து, குழந்தைகள் வார்டு. நமக்கு ஷாக் என்றாலே கை தானாகக் கிலோவுக்கு 20 மி.லி. போலஸுக்கு, அதாவது நரம்பு வழியே வேகமாக ஏற்றும் திரவத்துக்குப் போகும். 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வைப் படிக்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள். உகாண்டா, கென்யா, டான்சானியாவில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகள். போலஸ் கொடுத்த குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், கொடுக்காத குழுவில் 7.3. உகாண்டாவில் நடந்த இடங்களில் ஒன்று வடக்கு உகாண்டாவில் குலு அருகிலுள்ள லாச்சோர் மிஷன் ஆஸ்பத்திரி. கடும் வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள், கேள்வியில் பொறி அங்கேதான் இருக்கும்.

புத்தகத்தில் இருந்த இந்த எண்களை நான் கண்ணால் பார்த்தது ஒரு ராத்திரி. நான்கு வயதுப் பையன், உள்ளங்கை காகிதமாக வெளுத்திருந்தது, ஆழமாக மூச்சு வாங்கினான், ஹீமோகுளோபின் 3. டியூட்டியில் இருந்த சிஸ்டர் சலைனைத் தொடவே இல்லை. ரத்தத்துக்கு ஆள் அனுப்பினார், மலேரியா ஊசி மருந்தான ஆர்டிசுனேட்டைக் கலந்தார், க்ளூகோஸ் பார்த்தார். அந்த வரிசையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. 20 கிலோவுக்குக் கீழே என்றால் ஆர்டிசுனேட் கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4. 0, 12, 24 மணி. இந்த டோஸ் எனக்கு இனி மறக்காது. மூன்றாம் நாள் அவன் அம்மா வராந்தாவில் அதாபா என்ற களி ஊட்ட, அவன் கடலைக் குழம்பு மட்டும் போதும் என்று அடம்பிடித்தான்.

தூக்க நோய்க்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி வகைகளான காம்பியென்ஸ், ரோடீசியென்ஸ் இரண்டும் உள்ள ஒரே நாடு உகாண்டா. 1998 கடைசியில் டெசோவின் சொரோட்டியில் ரோடீசியென்ஸ் பரவியதற்குச் சந்தைக்கு ஓட்டிவந்த மாடுகள் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பழைய பதிப்புகளை நம்பாதீர்கள். 2024 முதல் ரோடீசியென்ஸுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தேர்வு ஃபெக்சினிடசோல் மாத்திரைதான்.

எபோலாவிலும் எந்த வகை என்பதுதான் முக்கியம். எர்வெபோ தடுப்பூசி ஜையர் வகைக்கு மட்டும். 2000-இல் குலுவிலும் 2022-இலும் உகாண்டாவில் வந்தது சூடான் வகை. குலுவில் 425 பேருக்கு வந்து 224 பேர் இறந்தார்கள். லாச்சோரில் அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய டாக்டர் மாத்யூ லுக்வியா அந்த டிசம்பரில் அதே நோயில் இறந்தார். நாங்கள் வேலை பார்த்த இடத்தில் மூத்த நர்ஸ்கள் அவர் பெயரை எழுந்து நிற்பதுபோல ஒரு மரியாதையோடு சொல்வார்கள். கையுறை, கவுன் கழற்றும் வரிசையை அவர்கள் எங்களுக்குப் பலமுறை செய்துகாட்டியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

படிக்கும் முறை பற்றி: குரூப் ஸ்டடி வேண்டாம் என்பேன். தனியாக, விடியற்காலையில், பார்த்த ஒவ்வொரு ஸ்லைடையும் பென்சிலால் வரைந்து பெயர் எழுதுங்கள். போட்டோ எடுத்தால் மனதில் நிற்காது. எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

போக நினைப்பவர்களுக்கு:

- அங்கே வார்டை நடத்துவது கிளினிக்கல் ஆபீசர்கள். மூன்று வருட டிப்ளமோதான், ஆனால் அந்த ஊர் நோய்களில் நம்மைவிடக் கெட்டி. அவர்கள் வேலையைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்.
- சில மிஷன்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும், சில கேட்காது. முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.
- லேபில் உட்கார அனுமதியையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.
- உகாண்டா மருத்துவ, பல் மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் நோயாளியைத் தொட முடியாது. அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.
- மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடலாம். சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வையுங்கள்.