கேட்டடியில நிக்கன்

மட்டக்களப்பு டவுனில் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் எனக்கு இரண்டு சொல் போதும்: "கேட்டடியில நிக்கன்." காந்தி பூங்காவில் வாவியோரமாக நிற்கிறதே, அந்த மட்டக்களப்பு வாயில்தான் எங்களுக்குக் கேட். வெளியூர்ச் சிநேகிதர்கள் சிலர் கோட்டை வாசலில் போய் நின்றுகொண்டு போன் எடுப்பார்கள். அது 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருசத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. அங்கே இப்ப வந்து தேடச் சொல்லாதீர்கள், எனக்குப் பஞ்சி.

சின்ன வயதில் இந்தக் கேட் எனக்குப் பெரிய குழப்பம். "வாசலுக்குள்ளால போனா ஊர் வரவேணும், இதுக்குள்ளால போனா தண்ணிதானே வருது?" என்று அம்மப்பாவிடம் கேட்டேன்.

"நீ றோட்டில நிண்டு பாக்காய் மனே. தோணியில இருந்து பாரு."

அம்மப்பா மண்டூர்க்காரர், வாவிக்கு மேற்கே படுவான்கரை. கிழக்கே எழுவான்கரைக்கு வர அவருக்குத் தண்ணிதான் தெரு. குருமண்வெளித் துறையில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பெயரே 'பாதை'தான். "பாதை அக்கரையில நிக்குது" என்றால் கொழும்பில் சிரிப்பார்கள்.

வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் 1924இல்தான் வந்தது. டவுனின் நடுவிலுள்ள புளியந்தீவு பெயரில் மட்டும் தீவல்ல. அந்தக் காலத்தில் இந்த வாயிலடிதான் இறங்குதுறை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் கரையேறியதும் இங்கேதான் என்பார்கள். அவருடைய சிலை பக்கத்திலேயே இருக்கிறது. மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடங்கியது. அடுத்த வருசமே மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு வருசம்கூட முழுசாக இருக்காத ஊரில் இருநூறு வருசமாகப் பெயர் நிற்கிறது.

போன மாதம் வலை வீச வந்த ஒருவரிடம் கெஞ்சி அவருடைய தோணியில் ஏறினேன். காலடியில் ஈர வலை, நாலைந்து செத்தல் மீன். கொஞ்சத் தூரம் போய் அவர் தோணியைத் திருப்பினார். கேட் எனக்கு நேரே நின்றது. அதற்குப் பின்னால்தான் மரங்கள், ஓட்டோச் சத்தம், ஊர். அம்மப்பா இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்போது பார்த்து சிநேகிதன் போன் எடுத்தான். "எங்கடா நிக்காய்?"

"கேட்டுக்கு முன்னால."

அவன் றோட்டுப் பக்கம் திரும்பித் தேடிக்கொண்டிருந்தான்.