வண்டிக்குக் கண் வைத்த நாட்கள்

2024 ஜூன் 8, சனி. அம்மாபேட்டை, சேலம்

தரையில் போட்ட கோட்டைப் பின்பற்றி ஓடும் எங்கள் சிறு ரோபோ வண்டிக்கு முகம் வேண்டும் என்று அக்காள் மகன் பிடிவாதம் பிடித்ததால், எட்டுக்கு எட்டு எல்இடி மேட்ரிக்ஸ் பலகைகள் இரண்டை இன்று வாங்கி வந்தேன். ஒரு பலகையில் 64 விளக்குகள். நேரடியாக இயக்கினால் அதற்கே 16 கம்பிகள் வேண்டும். ஒவ்வொன்றுடனும் விளக்குகளை இயக்கும் மேக்ஸ் 7219 சிப் இருப்பதால், மின்சாரக் கம்பிகள் நீங்கலாக மூன்றே கம்பிகளில் வேலை முடிகிறது. வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ பலகையின் 11ஆம் பின்னை (இணைப்பு முனையை)த் தரவுக்கும், 13ஐத் தரவுக்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்புக்கும், 10ஐச் சிப்பைத் தேர்வு செய்வதற்கும் இணைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கண்ணின் வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, எரியும் புள்ளி 1, இருண்டது 0 என்ற இரும எண்முறையில் வரிசைக்கு ஓர் எண்ணாக மாற்றினேன்: 60, 126, 255, 231, 231, 255, 126, 60. நடுவில் இருண்டிருக்கும் நான்கு புள்ளிகளே கருவிழி. பட்டுத்தறியில் நாற்பது ஆண்டு உட்கார்ந்த பெரியப்பா தாளை எட்டிப் பார்த்து, "இது நம்ம டிசைன் தாளுதானே கண்ணு" என்றார். அவர் சொன்னது மிகையில்லை. தறிக்கு டிசைனைச் சொல்லும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை ஒவ்வொன்றும் ஓர் ஊடைக்குரிய (குறுக்கு நூலுக்குரிய) இழைகளைத் தூக்குவதைப் போலவே, இந்தச் சிப்பும் ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டுமே ஏற்றுகிறது; நொடிக்குச் சுமார் 800 முறை எட்டு வரிசைகளையும் சுற்றி வருவதால் நம் கண்ணுக்கு முழு வடிவமாகத் தெரிகிறது. கைப்பேசியில் படம் எடுத்தபோது மட்டும் இரண்டு வரிசைகள் காணாமல் போயிருந்தன.

மாலையில் வலக்கண்ணுக்கு அனுப்பியது இடக்கண்ணில் தெரிந்தது. தொடராக இணைத்த பலகைகளில், முதலில் அனுப்பும் 16 பிட்டுகள் கடைசிப் பலகைக்குப் போய்ச் சேர்கின்றன என்பதை நான் மறந்திருந்தேன்.

ஜூன் 12, புதன்

சேர்வராயன் மலைப் பக்கம் மழை இறங்கியதும் மின்சாரம் போனது. வேலை நடக்கவில்லை.

ஜூன் 15, சனி

மேசையில் அழகாகச் சிமிட்டிய கண்கள், மோட்டார் சுழன்றவுடன் 64 விளக்குகளும் எரிய, அப்படியே உறைந்து நின்றன. "கண்ணு பட்டுருச்சு" என்று பெரியப்பா தீர்ப்பு வழங்கினார். நானோ நிரலைச் சந்தேகித்து இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன். பிறகு மோட்டார்க் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதே நிரலை ஓட்டினால், கண்கள் ஒழுங்காகச் சிமிட்டுகின்றன.

எல்லா விளக்குகளும் எரிவதற்கு இந்தச் சிப்பில் தனிப் பதிவகமே (அமைப்பு மதிப்பைச் சேமிக்கும் இடமே) உண்டு: 15ஆம் எண்ணுள்ள சோதனைப் பதிவகம். யாரும் அனுப்பாத கட்டளை ஒன்று, கம்பியில் புகுந்த இரைச்சலால் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மல்டிமீட்டர் 4.8 வோல்ட் என்று சாதுவாகக் காட்டியது. மோட்டார் திசை மாறும் கணத்தில் நேரும் மிகக் குறுகிய சரிவையும் துள்ளலையும் அதனால் காட்ட முடியாது என்பதால், அந்த எண்ணை நம்பியது என் பிழை.

ஜூன் 16, ஞாயிறு

சிப்பின் மின்முனைக்கு அருகே 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் (மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்பவை) வேண்டும் என்கிறது சிப்பின் விவரத்தாளான டேட்டா ஷீட். என் பலகைகளில் முதலாவதற்கான இடம் காலியாக இருந்ததால் அதைப் பற்றவைத்தேன். மோட்டார் முனைகளின் குறுக்கே 0.1 ஒன்றைச் சேர்த்தேன். இதுவரை மோட்டார் டிரைவர் பலகையின் 5 வோல்ட்டையே ஆர்டுயினோவும் கண்களும் பகிர்ந்து வந்தன. இனி அவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் தனி பக் கன்வெர்ட்டர், கிரவுண்ட் மட்டும் பொது. 30 செ.மீ. இருந்த தரவுக் கம்பிகளை 10 செ.மீ. ஆக்கி, மோட்டார்க் கம்பிகளிலிருந்து விலக்கிக் கட்டினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நிரலில் ஒரு காவல் வைத்தேன்: அரை நொடிக்கு ஒருமுறை, சிப்பின் அமைப்புகள் இருக்கும் 9, 10, 11, 12, 15 ஆகிய பதிவகங்களுக்கு உரிய மதிப்புகளை மறுபடியும் எழுதுகிறேன். இதை ஒட்டுப்போடும் வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். மோட்டாருக்கு அருகே வாழும் சிப்புக்கு இது தேவை என்றே நினைக்கிறேன்.

வண்டி தரையில் நாற்பது சுற்று ஓடியது. ஒரே ஒரு முறை, கூர்மையான வளைவில், இடக்கண் முழுதாக எரிந்து உடனே சிமிட்டலுக்குத் திரும்பியது. அதைப் பார்த்த அக்காள் மகன், "மாமா, அது பயந்துருச்சு, அப்படியே விட்ருங்க" என்றான்.