பத்து மணிக்குப் பூக்கும் மாடி

அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி யாருக்கும் தனிச் சொந்தமில்லை என்று பத்திரம் சொல்லும். ஆனால் வடாம் பிழிபவருக்கு ஒரு மூலை, துணி உலர்த்துபவருக்குக் கொடிகள், கைப்பேசியில் பேசிக்கொண்டே நடப்பவருக்கு ஒரு சுற்றுப்பாதை என்று அங்கே நெடுங்காலமாக எழுதப்படாத பட்டா நடைமுறையில் இருக்கிறது. நங்கநல்லூரில் உள்ள எங்கள் குடியிருப்பில், கோடைக்காலத்தில் மேல்தளத்து வீடுகள் இரவிலும் தகிப்பதால் மாடியில் தரைபடர் செடிகளைப் பரப்பிப் பசுங்கூரை அமைக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது, செடிகளை ஒருவரும் எதிர்க்கவில்லை. "யார் மூலையில்?" என்று மட்டும் கேட்டார்கள்.

யோசனையை விதைத்தவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் மைத்துனர். அந்த நகரில் பசுங்கூரைகள் ஏராளம். அவருடைய குடியிருப்பின் கூரையிலும் சீடம் என்னும் சதைப்பற்றுள்ள செடி கம்பளமாகப் படர்ந்து கிடப்பதை அவர் அவ்வப்போது படம் எடுத்து அனுப்புவார். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து மூச்சு வாங்கும் சிக்கனக்காரச் செடி அது. படத்தை நர்சரிக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தவர், "இதெல்லாம் ஊட்டியில வைங்க சார். நம்ம ஊர் ராத்திரி குளிர்ந்தாத்தானே அது மூச்சு விடும்?" என்றார். சென்னையின் சித்திரை மாதத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வானிலை அறிக்கையும் சொன்னதில்லை. அவர் பரிந்துரைத்தவை டேபிள் ரோஸும் வெடிலியாவும்.

வெடிலியாவைத் தடுத்து நிறுத்தியவர் எங்கள் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளரான அவர், கணுவுக்குக் கணு வேர் விடும் அந்தக் கொடி மழைநீர்க் குழாய்க்குள் இறங்கித் தரைத்தளத்தில் பூக்கும் என்று எச்சரித்தார். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு என்பதால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்ததாக அவர் எடை பார்க்கத் தொடங்கினார். ஆட்கள் ஏறி இறங்கும் கூரைக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியக் கட்டடச் சுமைத் தரநிலை விதிக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்மண் மழையில் ஊறினால் அதுவே 180 கிலோவைத் தொடும். "செடியை வச்சா அசோசியேஷன் மீட்டிங்கைக் கீழேதான் நடத்தணும்" என்று சொல்லிவிட்டுக் கால்குலேட்டரை மூடினார்.

ஆகவே மண்ணில் பெரும்பகுதி தேங்காய் நார்க்கழிவாகவும், பெர்லைட் என்னும் எடை குறைந்த எரிமலைக் கல் துகளாகவும் மாறியது; தடிமனும் குறைந்தது. தட்டு ஓட்டின் மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் வேர் துளைக்காத தாள், பிறகு நீர் வடிவதற்கான குழிகள் கொண்ட பலகை, மண்ணை வடிகட்டும் துணி, கடைசியாகக் கலவை என்று ஒவ்வோர் அடுக்கையும் அவரே குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தார். குழாய் வாயைச் சுற்றிக் கூழாங்கல் கொட்ட வைத்ததும் அவர்தான். சருகு அடைத்துத் தண்ணீர் தேங்குவதைத் தம் பணிக்காலத்தில் அவர் போதுமான அளவு பார்த்திருக்கிறாராம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஊதா இலை ரியோச் செடியை வைத்தோம். மற்ற இடமெல்லாம் டேபிள் ரோஸ். தண்டைக் கிள்ளிச் செருகினாலே அது பிடித்துக்கொள்ளும் என்பதால் செலவும் குறைவு.

பத்து மணிப் பூ என்று ஊரே அழைக்கும் அந்தச் செடி, நல்ல வெயில் ஏறிய பிறகுதான் பூவைத் திறக்கும், பிற்பகலில் கூப்பிவிடும், மேகம் போட்டால் திறக்கவே திறக்காது. காலையில் அலுவலகம் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் எனக்கு, வாரநாள்களில் என் தோட்டத்தின் நிலவரம் தண்ணீர்த் தொட்டி கழுவ வருபவர் வாய்மொழியாகவே தெரிய வந்தது. நான் நேரில் கண்டவை பெரும்பாலும் காய்கள்தாம். முற்றியதும் உச்சி மூடி கழன்று, சிறு கிண்ணம் நிறைய ஈய நிறத்தில் மின்னும் பொடி விதைகளைக் காட்டும் அவற்றின் அமைப்பு பூவைவிட அழகு என்று நான் சொன்னபோது, வீட்டில் அதை வயிற்றெரிச்சலாக எடுத்துக்கொண்டார்கள்.

மழை தொடங்கியதும் நடாத விருந்தாளியாகப் பருப்புக்கீரை முளைத்தது. டேபிள் ரோஸின் பங்காளி அது. தண்டும் தரையோடு படரும் குணமும் ஒன்றுபோலவே இருக்கும், இலை மட்டும் ஊசியாக இல்லாமல் தட்டையாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் களை பறிக்க மேலே போனபோது, வடாம் மூலையின் உரிமையாளரான மூன்றாம் மாடி மாமி முறம் நிறையக் கீரையோடு எழுந்தார்.

"மாமி, அது அலங்காரச் செடி."

"பூக்கிறதெல்லாம் உன்னோடது. மத்ததெல்லாம் கூட்டு."

முறத்தில் ஒன்றிரண்டு டேபிள் ரோஸ் தண்டுகளும் இருந்தன. பூ கூப்பிய நேரத்தில் அவர் வகுத்த அளவுகோலின்படி அவையும் கூட்டுத்தான். ஆயினும் களையெடுப்பு கூலியின்றி நடந்துவிட்டதாலும், மதியம் பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்ட கூட்டு ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாலும், எல்லைத் தகராறை நான் மேலும் வளர்க்கவில்லை.

உண்மையான சோதனை பொதுக்குழுக் கூட்டத்தில் வந்தது. பசுங்கூரைச் செலவுக்கு ஒப்புதல் தருவதற்காக உறுப்பினர்கள் மாலை ஆறு மணிக்கு மாடி ஏறினார்கள். ஒரு பூகூடத் திறந்திருக்கவில்லை. "கீரைப் பாத்திக்கா இவ்வளவு செலவு?" என்று ஒருவர் கேட்க, மாமி மட்டும் மிகுந்த திருப்தியோடு தலையசைத்தார். செயலாளர் பொறுமையாகச் செடியின் கால அட்டவணையை விளக்கி, கூட்டத்தை அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒத்திவைத்தார்.

அந்த ஞாயிறன்று, ஐப்பசி மாதத்துக்கே உரிய முறையில், வானம் விடிந்ததிலிருந்து மூடியே கிடந்தது. எல்லோரும் குடையோடு நின்றோம். சிறிது நேரம் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டுச் செயலாளர் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதினார்: "மாடியில் பூக்கள் உள்ளதாகத் தண்ணீர்த் தொட்டி கழுவுபவர் அளித்த தகவலை உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டனர், செலவுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது."