வெள்ளைத் தோல் பர்ஸ்: மூன்றாவது தடவையில் மடிப்பு நின்றது

மடிப்பு வெடிக்காமல் நின்றுவிட்டது. நாற்பது நாளாகக் காலையில் ஐம்பது, இரவில் ஐம்பது என்று நான் மறுபடி வெள்ளை பூசிய அக்காவின் பழைய தோல் பர்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இன்றோடு 4,000 தடவை. காலையில் ஜன்னலோரம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோலுக்கே உரிய மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிகின்றன. பெயிண்ட் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விளிம்பு வேலை பாக்கி, சில்லறைப் பையின் பட்டன் பாக்கி. இருந்தாலும் மடிப்பு முடிந்ததென்றால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்றுதான் சொல்வேன்.

2014-இல் என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பர்ஸ் இது. பத்து வருஷத்துக்கு மேல் அக்கா வேறு பர்ஸ் வாங்கவே இல்லை. ஜீன்ஸ் துணியில் தைத்த ஒரு பைக்குள்தான் எப்போதும் கிடக்கும். அதனால் பின்பக்கம் முழுக்க நீலம் ஏறியிருந்தது. நான்கு மூலையும் தேய்ந்து, முதுகு மடிப்பில் மேல்பூச்சு உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் நார் தெரிந்தது. "டேய், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கறேன்டா" என்றாள். "ஒரு மாசம் என்கிட்ட இருக்கட்டும்க்கா" என்று வாங்கி வந்தேன். ஐந்து மாசம் ஆகிவிட்டது.

கறுப்பு பெல்ட், பிரவுன் பை எல்லாம் செய்தவர்களுக்கு வெள்ளை வேறு மாதிரி வேலை என்பது கை வைத்த பிறகுதான் புரியும். பிரவுனில் சாயம் இருக்கிறது. நாருக்குள் இறங்கிவிடும், மேலே படலம் எதுவும் நிற்காது. வெள்ளையில் அது நடக்காது, ஏனென்றால் தோலை வெளுப்பாக்கும் சாயம் என்று ஒன்று இல்லை. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் முதலில் வெளிர் நீலமாகத்தான் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வெட் புளூ என்பார்கள். கடையில் நாம் பார்க்கும் வெள்ளை, அதன்மேல் பைண்டரோடு, அதாவது நிறமியைத் தோலில் பிடித்துவைக்கும் பசையோடு, ஏற்றிய டைட்டானியம் டை ஆக்ஸைடு நிறமி. ஆக, நாம் என்ன செய்தாலும் அது ஒரு படலம்தான். படலம் மடிப்பில் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் வெள்ளை கீழே இருப்பதை மறைக்காது. இந்த இழுபறியில்தான் என் ஐந்து மாசமும் போனது.

முதல் தடவை அவசரப்பட்டேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன், நீலம் பாதி போனது. உடனே கைவினைக் கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் வெள்ளையைப் பிரஷ்ஷால் இரண்டு கோட் கனமாக அடித்தேன். முதல் நாள் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் திறந்தபோது மடிப்பு நெடுக ஓடு மாதிரி வெடித்துச் சில்லுச் சில்லாக விழுந்தது. அக்காவிடம் கேட்டபோதுதான், பளபளப்புக்காக அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தேய்த்து வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. எண்ணெய் குடித்த தோலில் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. வெள்ளையில் அந்த எண்ணெய் நாள்பட மஞ்சளாகவும் மாறும். வெள்ளைத் தோல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எண்ணெய் பக்கம் போகாதீர்கள்.

எண்ணெயை எடுக்க ஒரு வாரம் ஆனது. சோள மாவைத் தூவி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் தட்டிவிட்டு, அசிட்டோனால் துடைத்து, மறுபடி மாவு. நான்கு சுற்று. அசிட்டோனைப் பெயிண்ட் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், நாம் எடுக்கப் போவதையே திரும்பப் பூசினது போலாகும். பஞ்சும் வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டித் துணிதான் சரி. ஒரு சொட்டு உள்பக்க ரெக்ஸினில் பட்டு, அந்த இடம் பிசுபிசுவென்று இளகிவிட்டது. அதற்குப் பிறகு உள்பக்கம் முழுக்க டேப் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை எல்லாம் முறைப்படி செய்ததாகத்தான் நினைத்தேன். பழைய பூச்சை எடுத்தேன், 600 உப்புத்தாள் போட்டேன், மூலைகளுக்கும் மடிப்புக்கும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்தேன், தோலுக்கென்றே வரும் அக்ரிலிக் பெயிண்டை மெல்லிசாக ஐந்து கோட் கொடுத்தேன். மூலைகள் அருமையாக வந்தன. மடிப்பு பத்து நாள் தாங்கியது. பதினோராம் நாள், காயத்தின் பொருக்கு உரிவது போல ஒரு நீளத் துண்டு அப்படியே எழும்பி வந்தது. அந்தத் துண்டை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெயிண்ட் பட்டியோடு நன்றாகவே ஒட்டியிருக்கிறது. பட்டிதான் தோலோடு ஒட்டவில்லை. அசையாத மூலைக்குப் பட்டி சரி. ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை மடங்கும் இடத்தில் அது தனி ஜாதி. தோல் வளையும் அளவுக்கு அது வளைவதில்லை.

ஆகவே மூன்றாவது தடவை மடிப்பில் பட்டியே கிடையாது. அதற்குப் பதில் வெறும் பைண்டர். தண்ணீர் பாதி, பைண்டர் பாதி. தளர்ந்து நிற்கும் நாருக்குள் அது இறங்கி நாரை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. மேலே எதுவும் நிற்பதில்லை. ஸ்பாஞ்சால் தொட்டு வைத்து, விரலால் அழுத்தித் தேய்த்து உள்ளே இறக்கி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்ததும் நார் முள் முள்ளாக விறைத்து நிற்கும். பயந்துவிடாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டும். இப்போது 1000 உப்புத்தாளால் லேசாகத் தடவினால் விறைத்த முனைகள் மட்டும் அறுந்து, அடியில் வழவழப்பான தளம் கிடைக்கும். மறுபடி பைண்டர், மறுபடி 1000. ஆறு சுற்று செய்தேன். ஐந்தாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்த நிமிஷம் அடைந்த நிம்மதியை எப்படிச் சொல்வது!

அடுத்தது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பர்ஸை எந்த நிலையில் வைத்துப் பூசுவது? முதல் இரண்டு தடவையும் முழுக்க விரித்து, தட்டையாக வைத்துப் பூசினேன். கைக்கு வசதி. ஆனால் மூடும்போது மடிப்பின் வெளிப்பக்கம் இழுபடுகிறது. தட்டையில் காய்ந்த படலம் அந்த இழுப்பு முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. சரி, மூடி வைத்துப் பூசலாமென்றால், திறக்கும்போது படலம் நெருக்குண்டு மடிப்பு மடிப்பாக எழும்புகிறது. ஒரு துண்டுத் தோலில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் நடுவழி எடுத்தேன். பர்ஸ் செங்கோணத்தில், அதாவது பாதி திறந்த புத்தகம் மாதிரி, ஒரு மரக்கட்டையின் விளிம்பில் கவிழ்ந்து உட்கார்ந்திருக்க, அந்த நிலையிலேயே எல்லாக் கோட்டும். இழுப்பும் நெருக்கமும் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு கோட்டும் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மெதுவாக நான்கைந்து தடவை மூடித் திறந்து, மறுபடி கட்டையில் வைப்பேன். முழுக்கக் காய்வதற்கு முன்பே படலம் அந்த அசைவுக்குப் பழகிவிடுகிறது என்பது என் நம்பிக்கை. ஒன்பது மெல்லிய கோட். மூன்றாவது கோட் வரைக்கும் சாம்பல் நிறம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அங்கே பொறுமை இழந்து கனமாகப் பூசினால் எல்லாம் போச்சு.

ஐப்பசி அடைமழையில் இதைச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக் காற்றில் அரை மணியில் காய வேண்டியது இரண்டு மணி நேரம் எடுத்தது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். கிட்டே கொண்டுபோனால் பூச்சின் மேல்பக்கம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலிலிருந்து நேராக எடுத்த வெள்ளையைப் பூசினால், பேப்பரில் பிழை அழிக்கும் வெள்ளை மை மாதிரி தனியாகத் தெரியும். பெரியமேட்டில் நான் வழக்கமாகப் போகும் தோல் கடையில் பர்ஸைக் காட்டி, "பாய், இதுக்கு வெள்ளை கலர் ஒண்ணு கொடுங்க" என்றேன். அவர் எதுவும் எடுக்கவில்லை. பில் புக்கிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பர்ஸ் பக்கத்தில் வைத்தார். "இப்ப பாருங்க தம்பி, இதா வெள்ளை?" தாளுக்குப் பக்கத்தில் பர்ஸ் மோர் நிறத்தில் இருந்தது. இருபது பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), குச்சி முனையில் தொட்ட அளவு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) என்று வந்து நின்றேன். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு சாயல் அடர்த்தியாகிவிடும். துண்டுத் தோலில் தொட்டு, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் கலந்த என் முதல் கலவை காலையில் பச்சையாகத் தெரிந்தது.

அதே கடையில் வெட்டுத் துண்டுகளை எடைக்குப் போடுகிறார்கள். பரிசோதனைக்கு அதைவிட நல்ல வழியில்லை. ஆன்லைனில் ஒரே ஒரு ஏ4 அளவுத் துண்டுக்குக் கொடுக்கும் காசுக்கு, அங்கே ஒரு பை நிறைய ஆட்டுத்தோல் கிடைக்கிறது. அதில் ஒரு துண்டுதான் மூலைகளைக் காப்பாற்றியது. பட்டி அரைகுறையாகக் காயும்போது மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, ஆட்டுத்தோலின் மேற்பக்கத்தை அதன்மேல் அழுத்தினேன். மயிர்க்கால் புள்ளிகள் அப்படியே பதிந்தன. வழவழவென்று இருந்த மூலை மறுபடி தோலாகிவிட்டது. இந்த ஒரு வேலையைப் பார்ப்பவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையில் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் ஒரு துண்டும் வந்திருந்தது. புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்த் தோல். வெளிர் பழுப்பு, கையில் எடுத்தாலே ஒரு பட்டை வாசனை. நனைத்துத் தேய்த்தால் விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. குரோம் தோல் விளிம்போடு இத்தனை நாள் மல்லுக்கட்டியவனுக்கு அது பெரிய ஆறுதல். அதில் ஒரு கார்டு ஹோல்டர் வெட்டி வைத்துவிட்டேன். துளை போட்டாயிற்று, தைக்கவில்லை. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் தோல் கண்காட்சிக்கும் இந்தத் தடவை போய்வர வேண்டும்.

பர்ஸுக்கு வருகிறேன். மேல்பூச்சு மேட் (மினுக்கமே இல்லாதது), சாட்டின் (லேசாக மினுங்குவது) இரண்டையும் சமமாகக் கலந்தது. தனி மேட் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. முதுகுப் பக்கத் தையலைப் பிரித்து, பழைய துளைகளிலேயே மெழுகு நூலால் இரட்டை ஊசித் தையல் போட்டேன். பெயிண்ட் ஏறிய பழைய நூலை அப்படியே விட்டிருந்தால் மொத்த வேலையும் மட்டமாகத் தெரிந்திருக்கும்.

விளிம்புக்குப் பெயிண்ட் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வெள்ளை கேட்கவில்லை, மோர் நிறம் கேட்டிருக்கிறேன். சில்லறைப் பையின் பட்டனைப் பிடுங்கிவிட்டு வேறு வைப்பதா, இருப்பதையே நெருக்கிவிடுவதா என்று யோசனை. அக்கா பொங்கலுக்கு வருகிறாள். அதுவரைக்கும் காலையில் ஐம்பது, இரவில் ஐம்பது தொடரும்.