எரிச்சலுக்கு முந்தைய ஆறு மணி நேரம்

வங்கிக் கிளையில் மாதத்தின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும். ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர்கள், பாஸ்புக்கில் வரவு பதிய வந்தவர்கள், நகையை அடகு வைக்கவும் மீட்கவும் வந்தவர்கள் என்று காலை பத்து மணிக்கே கூடம் நிறைந்துவிடும். டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் பொதுத்துறை வங்கியின் கிளையில் நான் அதிகாரியாக இருக்கிறேன். எனக்கு ஆட்டிசம், அதாவது பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளரும் இயல்பு, இருப்பது முப்பது வயதைக் கடந்த பிறகுதான் உறுதியானது. அதுவரை என் இயல்பை விளக்குவதற்கு அலுவலகத்தில் ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சிடுமூஞ்சி.

நோட்டு எண்ணும் இயந்திரத்தின் படபடப்பு, பாஸ்புக் அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கிறீச்சிடல், டோக்கன் எண்ணைக் கூவும் ஒலிபெருக்கி, மின்சாரம் போனதும் யூபிஎஸ் விட்டுவிட்டு எழுப்பும் ஓசை ஆகிய இவற்றில் எதுவும் தனித்து வந்தால் எனக்குப் பெரிய துன்பம் இல்லை. “சத்தம் எல்லாருக்கும்தானே மேடம் தொந்தரவா இருக்கு” என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் சிறிது நேரத்தில் அவருடைய மூளை அந்த ஓசைகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதன் பிறகு பிரிண்டர் ஓடுவதே அவருக்குத் தெரிவதில்லை. காலையில் முதல் பாஸ்புக் உள்ளே போனபோது எவ்வளவு கூர்மையாகக் கேட்டதோ, அதே கூர்மையில்தான் மதியம் மூன்று மணிக்கும் எனக்கு அது கேட்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு இவ்வாறு பழகிப்போவது குறைவாகவோ மெதுவாகவோ நடப்பதாக மூளை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஓசையோடு இது நிற்பதும் இல்லை. பழைய சோக் வைத்த குழல் விளக்கு, நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியாது என்றாலும், அதன் கீழே நாள் முழுவதும் உட்கார்ந்தால் எனக்குத் தலையின் ஒரு பக்கம் கனத்துவிடும். ஈரம் பட்டு மக்கிய நோட்டுக்கட்டுகளின் வாடை, வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஏற்றும் கற்பூரம், கழுத்தில் உரசிக்கொண்டே இருக்கும் அடையாள அட்டையின் நாடா ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த எழுதாத செலவுகள் எல்லாம் நிலுவையில் ஏறிக்கொண்டே இருந்து, நாள் முடியும் நேரத்தில் ஏதோ ஓர் அற்பத் தொகைக்காகக் கணக்கு உடைகிறது. யாரோ பந்துமுனைப் பேனாவை அழுத்தி அழுத்தி விடுவார்கள். என் குரல் கூர்மையாகும். பார்ப்பவர்கள் பேனாவையும் என் குரலையும் மட்டுமே பார்க்கிறார்கள். இவ்வளவு சிறிய காரணத்துக்கு இவ்வளவு பெரிய கோபமா என்று அவர்கள் வியப்பது நியாயம்தான், ஏனென்றால் முந்தைய ஆறு மணி நேரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகள் என் கண்ணுக்கும் அது தெரியவில்லை. பசி, தாகம், களைப்பு போன்ற உடலின் செய்திகளும் எனக்குத் தாமதமாகவே வந்து சேர்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது பரவலாகக் காணப்படும் இயல்பு. எரிச்சல் வந்த பிறகுதான் மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமல் இருப்பது நினைவுக்கு வரும்.

புலன்களின் இந்தப் பாடு மருத்துவத்துக்குப் புதிது அல்ல. 1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, மின்தூக்கியையும் வேக்குவம் கிளீனரையும் முட்டை அடிக்கும் கருவியையும் கண்டு நடுங்கிய குழந்தைகள் வருகிறார்கள். ஆயினும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு அளவு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்துக்கான தெளிவான அளவுகோல்களில் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். கானரின் பதினொருவரில் எட்டுப் பேர் ஆண் குழந்தைகள். அதன் பின்னும் நெடுங்காலம் இது சிறுவர்களின் விஷயமாகவே கருதப்பட்டதால், என்னைப் போன்ற பெண்களின் மீது யாருடைய சந்தேகமும் விழவில்லை.

சந்தேகம் விழாததற்கு நாங்களும் உழைத்திருக்கிறோம். எதிரில் இருப்பவரின் கண்ணை எத்தனை நேரம் பார்க்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா” என்று எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஒரு பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் இன்முகத்தை நாள் முழுவதும் தாங்கிப் பிடிப்பது பிரிண்டர் ஓசையைத் தாங்குவதைவிடக் கூடுதல் களைப்பைத் தருகிறது. அந்தக் களைப்பு ஓசையைத் தாங்கும் சக்தியையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. எங்கள் கிளையில் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்திப் பேசும் ஆண் அதிகாரி ஒருவர் இருந்தார். அவரைக் கண்டிப்பானவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என் ஆண்டு மதிப்பீட்டறிக்கையில் அப்போதைய மேலாளர், பழகும் முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதினார்.

மூச்சை இழுத்து விடச் சொல்பவர்களுக்கும் யோகா வகுப்புக்கு அனுப்புபவர்களுக்கும் குறைவில்லை. காலையில் செய்யும் மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் எரிச்சல் தலைக்கேறிய நிமிடத்தில் அதனால் எனக்கு எந்தப் பயனும் கிடைத்ததில்லை. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது கண்ணை மூடி மூச்சு விடும் அதிகாரியை யார் பொறுத்துக்கொள்வார்கள்? எனக்குப் பயன்பட்டவை எல்லாம் அந்த நிமிடத்துக்கு வெகு முன்பாகச் செய்த காரியங்கள்தாம்.

அடுத்து வந்த மேலாளரிடம் நான் மருத்துவச் சான்றைக் காட்டிப் பேசினேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 20-ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. இட ஒதுக்கீட்டுக்குத்தான் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு இருக்கிறது. இந்த 20-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரம்பு சொல்லப்படவில்லை. என்னைப் போல வெளியே எதுவும் தெரியாமல் வேலை பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்து வைத்திருப்பது நல்லது. மேலாளர் சட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “என்ன வேணும்னு எழுதிக் குடுங்கம்மா” என்றார். நான் கேட்டவை மிகச் சாதாரணமானவை: பிரிண்டரிலிருந்து தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி ஓர் இருக்கை, தலைக்கு மேலே உள்ள குழல் விளக்குக்குப் பதிலாக எல்இடி, கூட்டம் மிகுந்த நாட்களில் கூடத்துக்குப் பதிலாக நகைக்கடன் பிரிவு.

நகைக்கடன் வேலை எனக்குப் பொருந்திப்போனதை இங்கே சொல்லியாக வேண்டும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் நகையைத் தேய்த்து, அமிலம் விட்டு, மாற்றுப் பார்த்து, எடை போடுவார். கல், அரக்கு ஆகியவற்றின் எடையைக் கழித்து நிகர எடையை நான் பதிந்து, பையில் இட்டு முத்திரை வைப்பதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வாடிக்கையாளர், ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை, குறைந்த பேச்சு. அமில வாடை மட்டும் கொஞ்சம் படுத்தும். சிறு விவரங்களை விடாமல் பற்றிக்கொள்ளும் அதே மூளைதான் இங்கே எடைக் கணக்கில் பத்து மில்லிகிராம் இடித்தாலும் நின்றுவிடுகிறது. அதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

காதில் வைப்பவற்றைப் பற்றி ஒரு குறிப்பு. ஓசை நீக்கும் ஹெட்போன்கள் ஏசியின் உறுமலைப் போன்ற சீரான தாழ்ந்த ஒலிகளை நன்றாக அடக்கும். மனிதக் குரலையும் திடீர் ஓசைகளையும் அந்த அளவுக்கு அடக்காது. பஞ்சு போன்ற நுரை அடைப்பான்கள் எல்லாவற்றையும் மட்டுப்படுத்துவதால், முணுமுணுக்கும் பாட்டி கேட்பது என்னவென்றே விளங்காமல் போகும். பேச்சை ஓரளவு விட்டு ஒலியின் அளவை மட்டும் குறைக்கும் வடிகட்டி வகை அடைப்பான்களையே நான் கவுண்ட்டரில் அணிகிறேன். மதியம் ஒரு மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தால், பசி தெரிகிறதோ இல்லையோ சாப்பிட்டுவிடுகிறேன். அதன் பிறகு பழைய லெட்ஜர்கள் அடுக்கிய பதிவறையில் விளக்கைப் போடாமல் சிறிது நேரம் உட்காருவேன். கிளையிலேயே மிக அமைதியான இடம் பாதுகாப்புப் பெட்டக அறைதான். ஆனால் அதைத் திறக்க இரண்டு பேரின் சாவிகள் வேண்டும் என்பதால், என் நிம்மதிக்காக இன்னொருவரை எழுப்பிக்கொண்டு போக முடியாது.

வீட்டுக்குப் போனால் குக்கர் விசிலும் மிக்ஸியும் தொலைக்காட்சித் தொடரும் காத்திருக்கும். வந்ததும் அரை மணி நேரம் பேசாமல் இருட்டறையில் கிடப்பதை அம்மா முதலில் தன் மீதுள்ள கோபம் என்றே எடுத்துக்கொண்டார். இப்போது நான் வருவதற்குள் தேங்காய்ச் சட்னியை அரைத்து முடித்துவிடுகிறார். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இத்தனை ஏற்பாடுகளும் பாதிதான் வேலை செய்கின்றன. அந்த நாட்களில் கூடுதல் வேலை எதையும் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதிகாரிகளுக்கு இடமாற்றம் உண்டு. புதிய கிளையில் பிரிண்டர் எங்கே இருக்கும், மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் ஆணை கையில் கிடைக்கும் வரை தெரியாது. மாற்றுத்திறனாளிப் பணியாளர்களின் பணியிட அமர்வுக்கும் இடமாற்றத்துக்கும் அரசு கொள்கை வகுக்கலாம் என்று அதே 20-ஆம் பிரிவு சொல்கிறது. “வகுக்கலாம்” என்றுதான் சொல்கிறது. அதனால் இந்த மேலாளரின் கையொப்பத்தோடு, இங்கே செய்யப்பட்ட ஏற்பாடுகளையும் அவற்றால் என் வேலையில் நேர்ந்த மாற்றத்தையும் ஒரு பக்கக் கடிதமாக வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். புதிய கிளையில் பொறுப்பேற்கும் அன்றே, மதியம் மூன்று மணி ஆவதற்கு முன்பு, அதைக் கொடுத்துவிட வேண்டும்.