கிரீன் ஆற்றங்கரையில் ஜான் பிரைன்

நாஷ்வில்லில் காலையில் கிளம்பி வடக்கே கென்டக்கிக்குள் நுழையும்போது, காரில் அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைனின் முதல் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் தேடிப் போன ஊரின் பெயர் பாரடைஸ். அந்த ஊர் இப்போது இல்லை என்று தெரிந்தேதான் போனேன்.

பாரடைஸ் இருந்த மியூலன்பர்க் கவுண்டி பிரைனின் பெற்றோருக்குச் சொந்த மண். அவர்கள் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் குடியேறிவிட, 1946இல் ஜான் அங்கே பிறந்தார். பாரடைஸைச் சுற்றியிருந்த நிலத்தை நிலக்கரிக்காகத் தோண்டிப் புரட்டினார்கள். ஆற்றங்கரையில் டி.வி.ஏ. என்ற அரசு மின் நிறுவனம் கட்டிய அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஊர்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. 1967இல் மிச்சமிருந்த வீடுகளையும் இடித்துவிட்டார்கள்.

அந்த ஊரின் பெயரையே தலைப்பாக வைத்து, அப்பாவுக்காக அவர் எழுதிய பாட்டு 1971இல் வந்தது. அந்த முதல் ஆல்பத்தின் மற்ற பாட்டுகளெல்லாம் மெம்பிஸில் பதிவானவை. இது மட்டும் நியூயார்க்கில் பதிவானது, அண்ணன் டேவ் பிடில் வாசித்தார். டேப்பைப் போட்டுக் காட்டியபோது, இந்தப் பாட்டு வந்ததும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டாராம், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் அந்தப் பாட்டைச் சும்மா கேட்க முடிந்ததில்லை.

வழியில் டிரேக்ஸ்பரோவில் இறங்கினேன். இந்த வட்டாரத்து நான்கு கிதார் கலைஞர்களின் நினைவாக அங்கே ஒரு நீரூற்று இருக்கிறது. கட்டைவிரல் தாளம் தப்பாமல் கீழ்த் தந்திகளை மாற்றி மாற்றித் தட்ட, ஆட்காட்டி விரல் மேலே மெட்டைப் பிடிக்கும் வாசிப்பு இந்தச் சுரங்க ஊர்களில் வளர்ந்தது. அந்த நால்வரில் ஒருவரான மெர்ல் டிராவிஸ் அதை உலகத்துக்குக் கொண்டுபோனார். அவருக்கு முன்னால் இருந்தவர் ஆர்னால்ட் ஷல்ட்ஸ், கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி. அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரைன் பதினான்கு வயதில் டேவிடம் கிதார் கற்றவர், மூன்று நான்கு கார்டுகளுக்கு, அதாவது சுரக்கூட்டுகளுக்கு, மேல் போகவே மாட்டார். ஆனால் அந்தக் கட்டைவிரலில் இந்த மண் இருக்கிறது.

ராணுவத்திலிருந்து திரும்பித் தபால்காரராக நடந்த தெருக்களில்தான் பல பாட்டுகளைக் கட்டினார். போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பும் சிப்பாய், பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவனும் கிழவியும். எழுதியவருக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான். 1970இல் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அவரைத் தற்செயலாகக் கேட்டு, பாடும் தபால்காரர் என்று எழுதினார். 1981இல் பெரிய கம்பெனிகளை நம்பாமல் ‘ஓ பாய்’ என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்.

எனக்குப் பிடித்தது பிந்தைய குரல். 1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து எழுந்தபோது குரல் இறங்கி, கரகரத்துப் போயிருந்தது. பழைய பாட்டுகளையெல்லாம் சுருதியை இறக்கிப் பாடினார். இளவயதில் மூக்கால் இழுத்துப் பாடிய முதுமை, இப்போது தொண்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. 2018இல் வந்த கடைசி ஆல்பத்தில் சில இடங்களில் பாடுவதை விட்டுப் பேசுகிறார். அந்த இடங்களில் நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

பாரடைஸில் இறங்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஊரை விழுங்கிய அனல்மின் நிலையமும் 2020இல் நின்றுபோனது. அதன் மூன்று குளிர்விப்புக் கோபுரங்களை 2022 நவம்பரில் வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

ஆற்றோடு ராச்செஸ்டர் அணைக்கட்டுக்குப் போனேன். தன் சாம்பல் கிரீன் ஆற்றில் மிதக்கட்டும், ஆன்மா இந்த அணைக்கட்டு வரை வரட்டும் என்று அந்தப் பாட்டிலேயே கேட்டிருந்தார். 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவில் இறந்தார். பாதிச் சாம்பலைச் சிகாகோவில் அப்பா அம்மா பக்கத்தில் புதைத்தார்கள், மறுபாதியை இந்த ஆற்றில் கரைத்தார்கள்.

தண்ணீர் கலங்கலாக, மெதுவாக வந்தது. அணையைத் தாண்டும் இடத்தில் மட்டும் சத்தம். ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பாட்டு எதுவும் போடவில்லை.