ரமோன்ஸ் முதல் ஆல்பம் பிறந்த இடங்கள்: நியூயார்க்கில் ஒரு பகல்

அமெரிக்க பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பத்தைக் கேட்டு முடிக்க 29 நிமிடம் போதும். 14 பாட்டு, எதுவும் 3 நிமிடத்தைத் தொடாது. அது உருவான இடங்களைப் பார்க்கத்தான் ஒரு முழுப் பகல் வேண்டும். குவீன்ஸில் தொடங்கி மன்ஹாட்டனின் பவரி தெருவுக்கு இறங்கி வாருங்கள். குழு வளர்ந்த வரிசை ஏறக்குறைய அதுதான், ரயிலும் அதற்குத் தோதாக ஓடுகிறது. கடைசியில் வரும், அட்டைப் படம் எடுத்த தோட்டத்தைத் தன்னார்வலர்கள்தான் திறக்கிறார்கள். அதனால் குளிர்காலத்தைத் தவிர்த்து, வார இறுதியில் போவது நல்லது.

முதல் இடம் ஃபாரஸ்ட் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி. ஜோயி (குரல்), ஜானி (கிட்டார்), டீ டீ (பேஸ் கிட்டார்), டாமி (டிரம்ஸ்) நால்வரும் இந்தப் பேட்டைப் பையன்கள். பள்ளிக்கு எதிரே 67ஆம் அவென்யூவும் 110ஆம் தெருவும் சந்திக்கும் முனைக்கு 2016 அக்டோபரில் ‘ரமோன்ஸ் வே’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே போக ஆர் ரயிலில் ஏறி 67ஆம் அவென்யூ நிலையத்தில் இறங்க வேண்டும். பலர் வேகம் என்று நினைத்து ஈ ரயிலில் ஏறிவிடுகிறார்கள். பகலில் அது அந்த நிலையத்தில் நிற்காமல் அடுத்த நிலையமான 71ஆம் அவென்யூவுக்குப் போய்விடும். குவீன்ஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. 67ஆம் அவென்யூ, 67ஆம் ரோடு, 67ஆம் டிரைவ் மூன்றும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள். வரைபடத்தில் எண்ணை மட்டும் பார்த்து நடந்தால் வேறு முனையில் போய் நிற்பீர்கள். பெயர்ப்பலகை பொதுச் சாலையில் இருக்கிறது. பள்ளி வளாகத்துக்குள் நுழையத் தேவையில்லை, பள்ளி நாளில் நுழையவும் கூடாது.

திரும்பும்போது 71ஆம் அவென்யூ வரை நடந்து அதே ஈ ரயிலைப் பிடியுங்கள். லெக்சிங்டன் அவென்யூ 53ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, தேர்ட் அவென்யூ பக்கப் படியில் ஏறினால் டீ டீ எழுதிய ‘53ர்ட் அண்ட் 3ர்ட்’ பாட்டின் முனைக்கே வந்துவிடுவீர்கள். அந்த நாட்களில் ஆண் பாலியல் தொழிலாளர்கள் காத்து நின்ற இடம் அது. இன்று சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள், பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாட்டின் நடுவே ஜோயியை விலக்கிவிட்டு டீ டீயின் கரகரத்த குரல் வெடிக்கும் இடத்தை இங்கே நின்று ஒருமுறை கேட்கலாம்.

அங்கிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். ஆல்பம் பதிவானது இந்த அரங்கத்துக்கு மேலே இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டுடியோவில், 1976 பிப்ரவரியில். சுமார் ஒரு வாரத்தில் முடிந்தது. செலவு 6,400 டாலர். தயாரிப்பாளர் கிரெய்க் லியோன். ‘லெட்ஸ் டான்ஸ்’ பாட்டில் பின்னால் கேட்கும் ஆர்கன் இந்தக் கட்டடத்திலிருந்த வுர்லிட்சர் நிறுவனத்துக் கருவி.

வாசலில் நின்று பார்ப்பதைவிட இங்கே செய்ய வேண்டியது வேறு. இரண்டு காதிலும் இயர்போனை மாட்டி முதல் பாட்டைப் போடுங்கள். பிறகு வலது பக்கத்தைக் கழற்றுங்கள், கிட்டார் காணாமல் போய் பேஸ் மட்டும் நிற்கும். இடது பக்கத்தைக் கழற்றினால் கிட்டார் மட்டும் அறுக்கும். டிரம்ஸும் குரலும் நடுவில். 1960களின் தொடக்கத்து ஸ்டீரியோ தட்டுகளைப் போலக் கருவிகளைப் பிரித்து வைத்த கலவை இது. வெறும் இரைச்சல் என்று இந்த ஆல்பத்தை ஒதுக்குகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்டால் இது எதுவும் தெரியாது.

ஜானியின் கிட்டாரைத் தனியாகக் கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். எல்லா அடியும் மேலிருந்து கீழே. ஒரே வேகத்தில் பாரே கார்டுகள் (ஒரு விரலைக் குறுக்கே வைத்துப் பல கம்பிகளை அழுத்திப் பிடிப்பவை), சோலோ கிடையாது. வாசித்துப் பார்ப்பவர்கள் தோற்பது இங்கேதான். மணிக்கட்டு வலித்ததும் கை தானாகவே கீழும் மேலுமாக மாறிவிடும். மேல் அடியில் மெல்லிய கம்பிகள் முதலில் அதிர்வதால் ஒலி லேசாகி, அந்த ரம்பச் சத்தம் போய்விடும். டாமியும் இந்தக் குழுவுக்காகத்தான் டிரம்ஸ் கற்றார். முதலில் டிரம்ஸ் வாசித்தவர் ஜோயி. அவர் பாட வந்ததும் அந்த இடம் காலியானது.

இரண்டு தெரு தள்ளி, மேற்கு 48ஆம் தெருவில் மேனிஸ் மியூசிக் கடை இருந்தது. ஜானி 1974 ஜனவரியில் 50 டாலருக்குச் சற்று அதிகம் கொடுத்து தன் மோஸ்ரைட் கிட்டாரை வாங்கிய கடை. 2009இல் மூடிவிட்டார்கள். போகிற வழியில் பார்த்துக்கொண்டால் போதும்.

ராக்ஃபெல்லர் சென்டர் நிலையத்தில் தெற்கே போகும் எஃப் ரயிலில் ஏறி செகண்ட் அவென்யூவில் இறங்குங்கள். கிழக்குக் கோடிப் படியில் ஏறிவிடாதீர்கள், அது ஃபர்ஸ்ட் அவென்யூவில் கொண்டுபோய் விடும். வெளியே வந்து ஹூஸ்டன் தெருவில் மேற்கே பவரி வரை நடந்து வலப்பக்கம் திரும்பினால், அடுத்த தெருவைத் தாண்டியதும் வலப்புறம் 315ஆம் எண். ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி மன்றம் இங்கேதான். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் இசைக்காக என்று பெயர் வைத்த இடத்தில் ரமோன்ஸ் 1974 ஆகஸ்ட் 16 அன்று முதன்முதலாக மேடையேறினார்கள். மன்றம் 2006 அக்டோபரில் மூடப்பட்டு, பின்னர் ஆடைக் கடையானது. பழைய மேடையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அடுத்த முனையில் அண்ணாந்து பாருங்கள். ‘ஜோயி ரமோன் பிளேஸ்’ பலகை. 2003இல் வைத்தார்கள். திரும்பத் திரும்பத் திருடு போனதால் பிறகு 20 அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்று ஜூம் செய்தால்தான் எழுத்து படத்தில் விழும்.

இந்தப் புகழ் மெதுவாகத்தான் வந்தது. வெளியானபோது ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 111ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1976 ஜூலை 4 லண்டன் ரவுண்ட்ஹவுஸ் கச்சேரிக்கு பிரிட்டிஷ் பங்க் குழுக்களான செக்ஸ் பிஸ்டல்ஸும் கிளாஷும் வந்திருந்ததாக ஒரு கதை உலவுகிறது. அன்றிரவு அந்த இரு குழுக்களும் ஷெஃபீல்டில் வாசித்துக்கொண்டிருந்தன. லண்டன் இளைஞர்களை இந்தத் தட்டு உசுப்பியது என்பது உண்மை, அந்தக் கதைதான் தவறு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டின் 2012ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆல்பத்தைச் சேர்த்தது. 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று 2014 ஏப்ரலில்தான் கிடைத்தது, 38 ஆண்டுகள் கழித்து. அப்போது நால்வரில் உயிரோடு இருந்தவர் டாமி ஒருவரே. அந்த ஜூலையில் அவரும் போய்விட்டார்.

ஜோயி பலகை உள்ள அதே முனையில் கிழக்கு 2ஆம் தெருவுக்குள் திரும்பினால் 6ஆம் எண், குழுவின் கழுகு இலச்சினையை வடிவமைத்த ஆர்ட்டுரோ வேகாவின் மாடி. ஜோயியும் டீ டீயும் அங்கே தங்கியிருக்கிறார்கள். இன்னும் சில அடி வைத்தால் 16ஆம் எண்ணில் ஆல்பர்ட்ஸ் கார்டன். அட்டைப் படம் இந்த இடத்துச் செங்கல் சுவரில்தான் எடுக்கப்பட்டது. ‘பங்க்’ பத்திரிகைக்காக ராபர்ட்டா பெய்லி எடுத்த படத்தை, ஆல்பத்தை வெளியிட்ட சையர் நிறுவனம் 125 டாலருக்கு வாங்கியது. மன்றம், வீடு, அட்டைச் சுவர் மூன்றும் ஒரே கூப்பிடு தூரத்தில். இந்த ஆல்பத்தின் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க இதைவிட நல்ல தெரு இல்லை.

நண்பர்களோடு அதே படத்தை எடுக்க நினைத்தால் இடமிருந்து வலம் வரிசை: ஜானி, டாமி, ஜோயி, டீ டீ. உயரமானவர் மூன்றாவதாக நின்று கொஞ்சம் கூனிக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆள் குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். ஜோயியும் டாமியும் உயர வித்தியாசத்தை மறைக்க அன்று அப்படித்தான் நின்றார்கள். தோட்டம் பூட்டியிருந்தால் கம்பி வேலி வழியாகப் பாருங்கள், ஏறிக் குதிக்காதீர்கள். இன்று அங்கே செடிகளைப் பேட்டை ஆட்கள் பொறுப்பாக வளர்த்துவருகிறார்கள்.